மே மாதப் பனியில் நடப்பதும் படுப்பதும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் பள்ளி, கல்லூரி விடுமுறை வரும் மே, ஜூன் மாதங்களில்தான் இங்கிருந்து பலர் இமயமலைக்கு ட்ரெக்கிங் கிளம்புகிறார்கள். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் ஈரம். மலையில் ஆளுயரத்துக்குக் கிடக்கும் பனியை மனத்தில் கொண்டுவருவது கடினம். அதனால் முதல்முறை போகிறவர்கள் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். கோடைதானே, எல்லாம் கரைந்திருக்கும் என்று வழுக்கும் அடிப்பாகம் உள்ள ஷூவோடு போகிறவர்கள் ஒரு வகை. பனி பஞ்சு மாதிரி இருக்கும், விழுந்தாலும் அடிபடாது என்று நினைப்பவர்கள் இன்னொரு வகை.

உண்மையில் கோடைப் பனி ஒரே நாளில் மூன்று பொருளாக மாறுகிறது. காலை ஐந்து மணிக்கு அது சிமென்ட் தரை. ஒன்பது மணிக்கு அலை நனைத்துப் போன கடற்கரை மணல். பிற்பகல் இரண்டு மணிக்கு முழங்கால் வரை விழுங்கும் சகதி. எந்த நேரத்தில் அதன் மேல் கால் வைக்கிறோம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முந்தைய இரவு எங்கே கூடாரம் அடித்தோம் என்பது அந்த நேரத்தைத் தீர்மானிக்கிறது. பனியும் கேம்ப்பும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதால் இங்கே இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம்.

கோடையில் பனி ஏன் தீர்ந்துபோவதில்லை?

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஊரில் 37 டிகிரி என்றால் 4,000 மீட்டரில் இந்தக் கணக்குப்படி 11 டிகிரி. 11 டிகிரியில் பனி கரைந்துதானே ஆக வேண்டும்? கரைகிறது, ஆனால் மெதுவாக. பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை அதே பூஜ்ஜியம் டிகிரித் தண்ணீராக மாற்ற 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். போதாததற்கு, புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்த பழைய பனிகூடப் பாதியளவு வெயிலைத் திருப்பிவிடுகிறது. குளிர்காலம் முழுவதும் சேர்ந்த பனி ஜூன் வரை தாக்குப்பிடிப்பது இதனால்தான். அதிலும் வடக்கு பார்த்த சரிவுகளிலும், காற்று பனியை அள்ளிக் கொட்டிவைத்த ஓடைப் பள்ளங்களிலும் அது இன்னும் நீண்ட நாள் கிடக்கும்.

பகலில் மேற்பரப்பு கரையும்போது தண்ணீர் பனித்துகள்களுக்கு நடுவே இறங்குகிறது. இரவில் அது உறைந்து துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் பெட்டிக்குள் நொறுக்கிய ஐஸைக் கொட்டி மூடிவைத்தால், மறுநாள் அது ஒரே கட்டியாகப் பிடித்துக்கொண்டு, உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மலையில் ஒவ்வோர் இரவும் நடப்பது இதுவே. பல வாரம் இப்படிக் கரைந்து உறைந்த பனி கல் உப்பைப் போலப் பருத்த மணிகளாகிவிடும்.

புதியவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. இரவில் பனி உறைய, காற்றின் வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போக வேண்டும் என்று கட்டாயமில்லை. வானம் தெளிவாக இருந்தால் பனி தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடும். மேகம் மூடிய இரவிலோ அந்த வெப்பத்தில் பெரும்பகுதி மேகத்திலிருந்து திரும்பி வரும். அப்போது பனி சரியாக உறையாது. ஆகவே இரவில் எழுந்து வெளியே போகும்போது வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் நிறையத் தெரிந்தால் காலையில் பனி இறுகியிருக்கும். மேகம் மூடியிருந்தால், நான்கு மணிக்குக் கிளம்பினாலும் கால் புதையும் என்று எதிர்பார்க்க வேண்டும். அந்த நாளில் செங்குத்தான பனிச்சரிவு ஏறும் திட்டத்தைத் தள்ளிப்போடுவதே சரி.

குதிகாலால் பனியைப் படிப்பது

வழிகாட்டியிடம் கேட்பதற்கு முன் உங்கள் ஷூவே பதில் சொல்லும். குதிகாலை ஓங்கி ஊன்றினாலும் தடம் விழவில்லை என்றால் பனி கல்லாக இருக்கிறது. சமதரையில் மைக்ரோஸ்பைக், அதாவது ஷூவின் மேல் இழுத்து மாட்டும் சின்ன முள் சங்கிலி, போதும். சரிவில் கிராம்பானும் (ஷூவின் அடியில் கட்டும் நீண்ட இரும்பு முட்கள்) பனிக்கோடரியும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களும் வேண்டும். இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் பதிந்தால் அதுதான் நடப்பதற்கு ஏற்ற பனி. ஷூ நுனியால் உதைத்துப் படி வெட்டலாம், இறங்கும்போது குதிகாலை ஊன்றி இறங்கலாம். கணுக்கால் வரை போனால் நேரம் முடிந்துகொண்டிருக்கிறது. கெண்டைக்காலைத் தாண்டிப் புதைந்தால் செங்குத்துச் சரிவில் நிற்கவே கூடாது. கால் புதைந்து களைத்துப்போவது மட்டும் இதற்குக் காரணமில்லை. நீர் ஊறிய பனி தன் எடை தாங்காமல் சரியத் தொடங்கும் நேரமும் அதுதான். இப்படிப் பனி மொத்தமாகப் பெயர்ந்து சரியும் விபத்துகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில் நிகழ்கின்றன. மேலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தாமாக உருண்டு வருவது அதன் முன்னறிவிப்பு.

சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் கடிகாரத்தை மாற்றும். கிழக்கு பார்த்த சரிவு விடிந்த கொஞ்ச நேரத்திலேயே இளகத் தொடங்கும். தெற்கு பார்த்தது முற்பகலில் இளகும், மேற்கு பார்த்தது பிற்பகலில்தான். வடக்குச் சரிவு நாள் முழுவதும் இறுக்கமாகவே இருக்கக்கூடும். ஏறும் பக்கம் இளகியிருந்தது என்பதற்காக இறங்கும் பக்கமும் அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது.

இறுகிய சரிவில் கால் வைப்பதற்கு முன் கீழே பாருங்கள். இங்கே வழுக்கினால் எங்கே போய் நிற்போம்? கீழே பனி மெல்ல மெல்லச் சமமானால் ஆபத்து குறைவு. பாறை, ஓடை, பள்ளம் என்று முடிந்தால் அந்தச் சரிவு கயிறில்லாமல் கடக்க வேண்டிய இடமில்லை. ரெயின்கோட் போட்டிருப்பவர் இறுகிய பனியில் வழுக்கினால் துணி இன்னும் வேகம் கொடுக்கும். சில நொடிகளில் நிறுத்த முடியாத வேகம் வந்துவிடும். கோடரியைக் குத்தி நிறுத்தும் பயிற்சியைப் படித்துக் கற்க முடியாது. அடிவாரத்தில் ஆபத்தில்லாத சின்னச் சரிவில் தெரிந்தவர் முன்னிலையில் பத்துப் பதினைந்து முறை விழுந்து பழக வேண்டும். மணாலி, உத்தரகாசி ஆகிய ஊர்களின் மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் இதை முறையாகக் கற்றுத்தருகின்றன.

பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். கறுத்த பாறை வெயிலை உறிஞ்சித் தன்னைச் சுற்றியுள்ள பனியை உள்ளுக்குள்ளேயே கரைத்து வெற்றிடம் உண்டாக்கியிருக்கும். மேலே தட்டையாகத் தெரியும், கால் வைத்தால் இடுப்பு வரை இறங்கும். பாறைக்கும் புதருக்கும் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி நடங்கள். ஓடையின் மேல் மூடியிருக்கும் பனிப்பாலம் இன்னும் மோசமானது. தண்ணீர் அதைக் கீழிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். நடுப்பகுதி தொய்ந்திருந்தாலோ, நிறம் கறுத்திருந்தாலோ, ஓரத்தில் ஓட்டை விழுந்திருந்தாலோ அதன் மேல் போக வேண்டாம். நன்றாக இருக்கும் பாலத்தையும் விடிகாலையில், ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுத்தான் கடக்க வேண்டும்.

ஓடைகளுக்கும் பனியைப் போலவே ஒரு கடிகாரம் உண்டு. பகலில் கரைந்த நீர் பிற்பகலிலும் மாலையிலும் வந்து சேரும். விடியும்போது நீர் மிகக் குறைவாக இருக்கும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய அதே ஓடை மாலையில் தொடை அளவு வரலாம். கடக்கும்போது முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டும்.

மரக்காணம் உப்பளத்தில் நண்பகலில் நின்றவர்களுக்குக் கண் கூசுவது என்னவென்று தெரியும். பனியில் அது பல மடங்கு. புற ஊதாக் கதிர் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. புதுப்பனி அதில் பெரும்பகுதியைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அடிக்கிறது. பக்கவாட்டிலும் மூடிய கறுப்புக் கண்ணாடி இல்லாமல் மேகமூட்டமான நாளில்கூடப் பனியில் நடக்காதீர்கள். பாதிப்பு உடனே தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, கூடாரத்துக்குள் படுத்தபின், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரியும். சன்ஸ்கிரீனை மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் விளிம்பிலும் தடவ மறக்காதீர்கள்.

எங்கே கூடாரம் அடிப்பது

முதல் கணக்கு, நாளைக் காலைக்கானது. ஹிமாச்சலில் மணாலிக்கு அருகிலுள்ள ஹம்ப்டா கணவாயை எடுத்துக்கொள்வோம். உயரம் சுமார் 4,270 மீட்டர். பொதுவாக ஜூன் நடுவில்தான் வழி திறக்கும், அப்போதும் மேலே பனி இருக்கும். அதற்கு முந்தைய கேம்ப்பான பாலு கா கேரா சுமார் 3,600 மீட்டரில் இருக்கிறது. ஏற வேண்டியது 670 மீட்டர். பனியில் புதியவர்கள் உள்ள குழு மணிக்கு 200 மீட்டர் ஏறும் என்று வைத்தால், மூன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். காலை ஐந்துக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் கணவாய். பனி ஷூவைப் பிடிக்கும் பதத்துக்கு வந்திருக்கும் நேரம். அதற்கும் கீழே, சுமார் 3,100 மீட்டரில் உள்ள சிக்காவிலேயே தங்கிவிட்டால் ஏற்றம் 1,170 மீட்டர், நேரம் ஆறு மணிக்குக் கொஞ்சம் குறைவு. கணவாய்க்குப் போய்ச் சேரும்போது பதினொன்று. இறங்குவது முழுக்கச் சகதியில். ருபின் கணவாய்க்கு, சுமார் 4,650 மீட்டர், மேல் அருவிக்கு மேலுள்ள கேம்ப்பிலிருந்து குழுக்கள் இருட்டோடு கிளம்புவதும் இதே காரணத்தால்தான். அங்கே கணவாய்க்குக் கீழே உள்ள பனிப் பள்ளத்தாக்கு வெயில் ஏறுவதற்குள் ஏறி முடிக்க வேண்டிய இடம்.

அப்படியானால் முடிந்த அளவு உயரத்தில் போய்ப் படுப்பது நல்லதல்லவா என்று தோன்றும். உடம்பு ஒத்துக்கொள்ளாது. நாம் கடல் மட்டத்திலிருந்து போகிறவர்கள். 3,000 மீட்டரைத் தாண்டியபின் ஒவ்வோர் இரவும் படுக்கும் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஓர் இரவு தங்க வேண்டும். மணாலியில், சுமார் 2,050 மீட்டர், இரண்டு இரவு தங்கிவிட்டு மேலே போவது அந்தப் பயணத்தின் மிக மலிவான காப்பீடு. தலைவலியோடு குமட்டலோ தலைச்சுற்றலோ இருந்தால் மேலே ஏறக் கூடாது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும்வரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும்.

இடத்துக்கு வந்தபின் முதலில் மேலே பாருங்கள். கூடாரத்துக்கு நேர் மேலே பனிச்சரிவு இருக்கக் கூடாது. தரையில் அழுக்குப் பனியும் கல்லும் முறிந்த மரக்கிளையும் கலந்து குவிந்திருந்தால் அது மேலிருந்து சரியும் பனி வந்து நிற்கும் இடம். பனியின் மேல் தனித்தனியாகக் கறுப்புக் கற்கள் கிடந்தால் அவை பிற்பகலில் மேலிருந்து விழுந்தவை. இன்றும் விழும்.

அடுத்து, காற்றும் குளிரும். இரவில் குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆற்றோரப் புல்வெளி மாலையில் அழகாக இருக்கும், விடியும்போது கூடாரம் முழுவதும் உறைபனி பூத்திருக்கும். பத்து இருபது மீட்டர் உயரத்தில் ஒரு மேடை போன்ற இடம் கிடைத்தால் அங்கே குளிரும் குறைவு, ஈரமும் குறைவு. அதற்காக முகட்டுக்கே போய்விடக் கூடாது, காற்று பிய்த்துவிடும். தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி இருங்கள். காலையில் வந்து சேர்ந்திருந்தால், ஓடைக்கல்லில் முந்தைய மாலையின் ஈரக்கோடு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பனித்திட்டுக்கு நேர் கீழே உள்ள மண் காலையில் காய்ந்தாற்போல் தெரிந்தாலும் பிற்பகலில் ஊறிவிடும். விடிகாலையில் கிளம்ப வேண்டியிருக்காத நாளில் கிழக்கு திறந்த இடம் பார்த்தால், வெயில் சீக்கிரம் பட்டுக் கூடாரம் காயும்.

பனியில்லாத கல்தரையோ மண்தரையோ கிடைத்தால் அதையே எடுங்கள். உத்தராகண்டில் புல்வெளி என்றதும் கூடாரம் அடித்துவிட முடியாது. புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு அம்மாநில உயர் நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. எந்தக் கேம்ப்பில் இறக்குவார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிடுங்கள்.

பனியின் மேலேயே படுக்க வேண்டி வந்தால்

கூடாரத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் கூடுதலாக, ஷூ போட்ட காலால் மிதித்துத் தளம் அமைக்க வேண்டும். மிதித்தபின் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். மீன் பெட்டி ஐஸ் கதைதான். துகள்கள் ஒட்டி இறுகும். அவசரப்பட்டு உடனே கூடாரம் அடித்தால் முழங்கால் ஊன்றிய இடமெல்லாம் குழியாகி, அந்தக் குழியே இரவில் உறைந்து முதுகில் குத்தும். வழக்கமான ஆணிகள் இளகிய பனியில் நிற்காது. சின்ன நைலான் பைகளில் பனியை அடைத்து, நடுவில் கயிறு கட்டி, ஓரடி ஆழத்தில் கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் புதைத்து மிதித்து மூடுங்கள். கொஞ்ச நேரத்தில் அசைக்க முடியாதபடி பிடித்துவிடும்.

குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் ஏறும். விலையுயர்ந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டு, அடியில் மெல்லிய மேட் ஒன்றை மட்டும் போட்டுப் படுப்பவர்கள் இரவெல்லாம் நடுங்குகிறார்கள். உடம்பின் எடையில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கி வேலை செய்யாமல் போவதே காரணம். ஃபோம் மேட்டின் மேல் காற்றடைத்த மேட் என்று இரண்டு அடுக்கு வேண்டும். காற்றோட்டத் திறப்பைக் குளிருக்குப் பயந்து மூடக் கூடாது. மூச்சின் ஈரம் உட்சுவரில் உறைந்து, காலையில் மேலே கொட்டும். கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைப்பது மட்டும் எந்தக் குளிரிலும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும்.

தண்ணீருக்குப் பனியை உருக்க வேண்டியிருந்தால் எரிபொருளை ஏறக்குறைய இரட்டிப்பாகக் கணக்கிடுங்கள். 4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதிக்கும். பூஜ்ஜியத்திலிருந்து அதுவரை ஒரு லிட்டரைச் சூடாக்க ஏறத்தாழ 365 கிலோஜூல், அதற்கு முன் உருக்குவதற்கே 334. பாத்திரத்தின் அடியில் இரண்டு விரல் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வெறும் பனியைப் போட்டால் அடியில் உருகியது மேலுள்ள பனிக்குள் ஏறிப் பாத்திரம் கருகும். இளஞ்சிவப்பாகத் தெரியும் பனி பாசி படிந்தது, அதை எடுக்க வேண்டாம். 87 டிகிரியில் சாதம் லேசில் வேகாது. குக்கர் இல்லையென்றால் அவல், சேமியா, ரவை போன்றவையே நல்லது.

கேஸ் கேனிஸ்டரை ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோக முடியாது. புதுச்சேரி–டெல்லி ரயிலில் மூட்டை கட்டிப் போகிறவர்கள் அடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, கேஸை மணாலியிலோ டேராடூனிலோ வாங்க வேண்டும். வாங்கும்போது உள்ளே என்ன கலவை என்று பாருங்கள். பியூட்டேன் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்ததுதான் காலை நான்கு மணிக்கு எரியும். இரவில் கேனிஸ்டரைத் துணியில் சுற்றி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கூடவே தண்ணீர் பாட்டில், போன், தலைவிளக்கின் பேட்டரி.

வானிலை கெட்டால் இந்தக் கணக்கு எல்லாமே மாறும். மேற்கிலிருந்து வரும் காற்றழுத்த இடையூறுகள் மே, ஜூனிலும் இமயமலையில் புதுப்பனி கொட்டும். 2024 ஜூன் முதல் வாரத்தில் உத்தராகண்டின் சகஸ்திர தால் பாதையில் பனிப்புயலில் சிக்கி, கர்நாடகத்திலிருந்து வந்த குழுவில் 9 பேர் இறந்தார்கள். அது குளிர்காலமில்லை, நாம் போகும் அதே விடுமுறைக் காலம். எனவே கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தைக் குழுவாக முடிவு செய்யுங்கள். பத்து மணிக்குள் கணவாய் வரவில்லை என்றால், எவ்வளவு அருகில் இருந்தாலும், வந்த வழியே கேம்ப்புக்கு. கேம்ப்பில் அதற்காக ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக இருக்க வேண்டும்.

மலம் கழிக்கப் பனியில் குழி தோண்டாதீர்கள். ஜூலையில் பனி கரைந்ததும் அத்தனையும் புல்லின் மேல், ஓடைக்கு அருகில், அப்படியே கிடக்கும். கீழே ஊர்க்காரர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். மண் தெரியும் இடமாகப் பார்த்து, தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் புதையுங்கள். மண்ணே கிடைக்காத கேம்ப் என்றால் இரட்டைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும்.

காலையில் கிளம்பும்போது, புதைத்த நங்கூரப் பைகள் கல்லாக உறைந்திருக்கும். கயிற்றைப் பிடித்து இழுத்தால் கூடாரத்தின் காதுதான் பிய்யும். முதலில் கயிற்றை அவிழ்த்துக் கூடாரத்தை மடியுங்கள். பிறகு கோடரியின் அகன்ற பக்கத்தாலோ சின்ன மண்வாரியாலோ சுற்றிலும் கொத்தி எடுங்கள். இருட்டில், கையுறையோடு இதற்கு மட்டும் இருபது நிமிடம் ஆகும். ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டுமென்றால் மூன்றரைக்கு அலாரம் வையுங்கள்.